வராதவர்களின் பக்கம்: மட்டக்களப்பு, அம்பாறையில் ஏழு நாள்

ஜூலை 6, 2025, ஞாயிறு

வெலிக்கந்தை தாண்டும்போதே காற்று மாறிவிட்டது. ஜன்னலைத் திறந்தால் சூளைக்குள் முகத்தை நீட்டியது போல இருந்தது, மூடினால் மூச்சு முட்டியது. "கச்சான் காத்து மகள். இந்த மாசம் இப்பிடித்தான். பின்னேரம் கடல் காத்து திரும்பினா ஆறும்" என்றார் முன் சீட்டில் இருந்த ஐயா.

வவுனியாவில் எங்களுக்கு ஒரு சிறிய சங்கம் இருக்கிறது. விசேட தேவையுள்ள பிள்ளைகளின் தாய்மார் சேர்ந்து தொடங்கியது. நான் பொருளாளர். இரண்டு வருடமாக உறுப்பினர் தொகை ஏறவில்லை. கணக்கும் இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டது. மட்டக்களப்பில் இப்படிப்பட்ட சின்னச் சங்கங்களுக்குத் துணை நிற்கும் பிராந்திய நிலையம் ஒன்று இருக்கிறது, ஒரு கிழமை போய் நின்று பாருங்கள் என்று ஒருவர் சொன்னார். அதனால்தான் இந்தப் பயணம். நிலையத்தின் பெயரையும் சங்கங்களின் பெயரையும் எழுத வேண்டாம் என்று அங்குள்ளவர்கள் கேட்டுக்கொண்டார்கள். எழுதவில்லை.

என்னோடு வந்தவர் எங்கள் நிர்வாகக் குழுவில் உள்ள தங்கச்சி. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். பஸ் நடத்துனர் டிக்கெட் எழுத வந்து, அவரைத் தாண்டி என்னிடம் கேட்டார்: "இவ எங்க இறங்கணும்?" தங்கச்சி அமைதியாக, "நான் மட்டக்களப்பு அண்ணை. அக்காவும் அங்கதான்" என்றார். நடத்துனருக்கு ஒரு மாதிரிப் போய்விட்டது. வாழைச்சேனையில் நின்றபோது அவரே இறங்கிப்போய் இரண்டு தண்ணீர்ப் போத்தல் வாங்கிவந்து, ஒன்றைத் தங்கச்சியின் கையில் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

தங்க என்று பேசி வைத்திருந்த விடுதியில் இரண்டு பெண்கள் தனியாக வந்திருப்பதைக் கண்டதும் "அறை இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். பத்து நிமிடம் முன்னர்தான் தொலைபேசியில் இருக்கிறது என்றவர்கள். புளியந்தீவில் வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்து, கடைசியில் ஒரு தேநீர்க் கடை அம்மா தன் தங்கை வீட்டில் அறை எடுத்துத் தந்தார். இரவுக்குப் புட்டும் யப்பான் மீன் குழம்பும். சம்பல் ஒரு சிறங்கை அளவுதான். தேங்காய் விலை இருநூறைத் தொட்டுக்கொண்டு நிற்கிற காலம். வீட்டுக்காரம்மா அதற்காக மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார்.

ஜூலை 7, திங்கள்

நிலையம் என்றதும் ஒரு மாடிக் கட்டடத்தை நினைத்திருந்தேன். கோட்டமுனைப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு. முன் விறாந்தையில் பிரதி எடுக்கும் இயந்திரம், மூன்று கணினி, நீள வாங்கு. நிரந்தர ஆட்கள் இருவர்: ஒரு அக்கா, ஒரு தம்பி. கிழமையில் இரண்டு நாள் வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா வருகிறார். அவ்வளவுதான்.

காலை ஒன்பது மணிக்கே வாங்கு நிறைந்துவிட்டது. முதலில் வந்தது கணவரை இழந்த மீனவப் பெண்களின் சங்கத் தலைவி. சீலைக் கடைப் பையில் சங்கத்தின் யாப்பை, அதாவது சங்க விதிகள் எழுதிய தாளை, கொண்டுவந்திருந்தார். பிரதேச செயலகத்தில் பதிவு புதுப்பிக்கப் போன இடத்தில் யாப்பில் குழப்பம் என்று சொல்லிவிட்டார்களாம். அக்கா அதை வாசித்துக் காட்டினார். விளையாட்டு மைதானப் பராமரிப்பு என்று ஒரு வாசகம். யாரோ வேறொரு கழகத்தின் யாப்பைப் பார்த்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பதினொரு வருடம் இவர்கள் அந்தத் தாளின்கீழ் கையொப்பம் போட்டு வந்திருக்கிறார்கள். அக்கா திருத்தி எழுதிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு பிரிவாக வாசித்து, "இது உங்கட சங்கத்துக்குப் பொருந்துமா?" என்று கேட்டுக்கொண்டே போனார். மத்தியானம் ஆகிவிட்டது. ஆனால் அந்த அம்மா போகும்போது தலைவரின் பதவிக்காலம் எவ்வளவு, யார் யார் வங்கியில் கையொப்பமிடலாம் என்று தானே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்.

அடுத்து ஒரு இளைஞர் குழு. இன்னும் பதிவில்லை, அதனால் வங்கிக் கணக்கும் இல்லை. ஒருவர் அவர்களுக்குக் கொடுத்த நூலகக் காசை நிலையம் தன் கணக்கில் தனியாக வைத்து, பற்றுச்சீட்டுக்கு எதிராகக் கொடுத்து வருகிறது. தொண்டர் சேவை அமைப்புகளைப் பதிவு செய்ய 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகப் பதிவு, கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் என்று வேறு வழிகளும் இருக்கின்றன. எந்தச் சங்கத்துக்கு எந்தக் கதவு என்று சொல்ல ஆளில்லாமல்தான் பலர் நடந்து களைத்துப்போகிறார்கள்.

மத்தியானச் சாப்பாடு கடையில், மீனோடு 400 ரூபாய். பிறகு ஐயா என் காசுப் புத்தகத்தைக் கேட்டார். பயத்தோடு கொடுத்தேன். கூட்டல் எல்லாம் சரி. புத்தகத்தையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிட்டு எழுதும் வங்கி இணக்கக் கூற்று நான்கு மாதம் எழுதப்படாமல் கிடந்தது, அதைச் சுட்டிக்காட்டினார். பிறகு வவுச்சர்களைப் புரட்டி ஒவ்வொன்றிலும் ஒரே கையொப்பம் இருப்பதைக் காட்டினார். காசு கொடுத்ததும் நான், அங்கீகரித்ததும் நான், புத்தகத்தில் எழுதியதும் நான்.

"நீங்க நேர்மையான ஆள் மகள். முகத்தைப் பார்த்தாத் தெரியிது. ஆனா அதுக்கு இந்தப் புத்தகத்தில சாட்சி இல்ல."

ஒன்பது வருடம் ஒரு சதமும் தவறவிடாமல் எழுதிய புத்தகம் அது. மனம் கனத்தது. ஆனால் அவர் சொன்னதில் பிழை இல்லை. கணக்கு ஏன் திரும்பி வந்தது என்று எனக்கு இவ்வளவு தெளிவாக இதுவரை யாரும் சொன்னதில்லை. திருப்பி அனுப்பியவர்களும் சொல்லவில்லை.

தேநீர் குடிக்கும்போது ஐயா சுனாமிக்குப் பிந்திய காலத்தைச் சொன்னார். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கல்லடியிலும் நாவலடியிலும் வெளிநாட்டு அமைப்புகள் வீடு தேடி வாடகைக்கு எடுத்தன. ஊர்ச் சங்கங்களில் கணக்குத் தெரிந்த, கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகள் எல்லாம் நல்ல சம்பளத்துக்கு அங்கே போனார்கள். பிழை சொல்ல முடியாது. சில வருடத்தில் அந்த அமைப்புகள் போய்விட்டன. "வீடு வந்தது, வள்ளம் வந்தது, வலை வந்தது. ஊர்ச் சங்கத்துக்குப் புத்தகம் எழுதப் பழக்க ஒருத்தரும் வரல்ல. இருந்தவனையும் கூட்டிக்கொண்டு போயிட்டாங்க." இந்த நிலையம் அந்தக் கசப்பில் இருந்து முளைத்தது என்றுதான் எனக்குப் பட்டது.

ஜூலை 8, செவ்வாய்

இன்றைய நாளை நான் மறக்கமாட்டேன்.

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை. பேரே வழி சொல்லும். குறுமண்வெளியில் இருந்து மண்டூருக்கு 'பாதை'யில் போனோம். பாதை என்றால் இங்கே மிதவை. மோட்டார் சைக்கிள், ஆட்டோ, நெல் மூட்டை, பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் ஒரே தட்டில். கொடுத்த காசு ஒரு பிளேன்டீக்குக்கூடக் காணாது. நடு வாவியில் இயந்திரம் நின்றுவிட்டது. நாற்பது நிமிடம் நிழல் இல்லாத தகட்டின்மேல். ஒரு அம்மா தன் குடையைத் தங்கச்சிக்கும் எனக்கும் பிடித்துவிட்டு, தான் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார். ஒருவரும் சத்தம் போடவில்லை. "மறுகா ஸ்டார்ட் ஆகும்" என்று சொல்லிவிட்டு மீன்காரர் வெற்றிலை போடத் தொடங்கினார். மறுகா ஸ்டார்ட் ஆனது.

மண்டூரில் முருகன் கோயில் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு, அங்கிருந்து உள்ளே இன்னும் ஆறேழு கிலோமீற்றர். யானை வேலியை ஒட்டி மணல் ரோடு. இரு பக்கமும் சிறுபோக வயல், கதிர் முற்றத் தொடங்கியிருந்தது. ஊரில் பாதிப்பேர் கதிர்காமம் போயிருந்தார்கள். தீர்த்தம் முடிந்துதான் வருவார்களாம். இருந்தும் கூட்டத்துக்கு இருபத்தெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அறுபது உறுப்பினர் கொண்ட மாதர் சங்கம் அது.

மின்சாரம் இல்லை. கொண்டுபோன புரொஜெக்டர் பெட்டியிலேயே கிடந்தது. நிலையத்துத் தம்பி கதவின் பின்பக்கத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, வலப் பக்கம் செலவு, இடப் பக்கம் வரவு என்று போன மாதக் கணக்கை அவர்களையே சொல்லவைத்து எழுதினார். நான் இதுவரை போன பயிற்சிகள் எல்லாம் குளிரூட்டிய மண்டபத்தில், தடித்த கோப்பும் சோற்றுப் பார்சலும் தந்து, மாலை நான்கு மணிக்குப் படம் எடுத்து முடிகிறவை. அந்தக் கோப்புகள் இன்னும் எங்கள் அலுமாரியில் இருக்கின்றன. இந்தக் கதவுப் பாடத்தில் ஒரு அம்மா எழும்பி, "அப்ப சவுக்குக் கம்பு வித்த 3,500 எங்க?" என்று கேட்டார். இருந்தது. தனியே ஒரு கொப்பியில் எழுதியிருந்தார்கள். அதை அங்கேயே கதவுக்குக் கொண்டுவந்தார்கள்.

ஆனால் நான் எழுத வந்தது இதுவல்ல.

கணக்கு முடிந்ததும் அக்கா வரவு இடாப்பைக் கேட்டார். வந்த இருபத்தெட்டுப் பேரின் கையொப்பமும் இடது பக்கத்தில் இருந்தது. அவர் வலது பக்கத்தைத் திருப்பி மூன்று கோடு போட்டார். வராதவர் பெயர். ஏன் வரவில்லை. யார் போய்ப் பார்ப்பது.

"இண்டைக்கு வராதவங்க ஆர்?"

கதிர்காமம் போனவர்களைச் சொன்னார்கள். பிறகு மௌனம். பிறகு ஒருவர், "கால் ஏலாத அந்தப் பிள்ளை கூட்டத்துக்கு வாறல்லகா" என்றார். எந்தப் பிள்ளை? ஷெல்லில் காலை இழந்தவர், இப்போது முப்பத்தைந்து வயது. அவரை உறுப்பினராகவே சேர்க்கவில்லை. ஏன்? "அவ வரமாட்டா எண்டு நினைச்சம்." இன்னொருவர்: குளத்தடியில் மூன்று குடும்பம், சந்தா கட்ட வழியில்லை, வெட்கத்தில் வராமல் விட்டார்கள். இன்னொருவர்: காது கேளாத ஒரு அம்மா, வந்தால் சும்மா இருந்துவிட்டுப் போவார், இப்போது அதுவும் இல்லை. இன்னொருவர்: நுண்கடன் வாங்கிக் கட்ட முடியாமல் போனவர், கடன் வசூலிக்க வருகிற பையன்கள் கூட்ட நாளைத் தெரிந்து வாசலில் நிற்பார்களாம். அவர் எப்படி வருவார்? பக்கம் நிறைந்தது. பதினான்கு பெயர்.

அக்கா ஒரு கணக்குச் சொன்னார். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் நூற்றுக்கு 8.7 பேருக்குப் பார்வை, கேள்வி, நடை, நினைவு என்று ஏதோ ஒரு செயற்பாட்டில் சிரமம் இருந்திருக்கிறது. அந்தக் கணக்குப்படி அறுபது பேர் கொண்ட சங்கத்தில் ஐந்து பேராவது இருக்க வேண்டும். இடாப்பில் ஒருவரும் இல்லை. "அவங்க ஊரில இல்லாமலில்ல. இடாப்பிலதான் இல்ல" என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. ஒரு இலக்கத்தைத் திருத்துவது போலத்தான் சொன்னார்.

தங்கச்சி ஒரு மூலையில் பிரெயில் பலகையில் குத்திக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். ஒரு சிறுமி வந்து விரலால் தடவிப் பார்த்து, "இதில என்ர பேரை எழுதுவீங்களா?" என்று கேட்டாள். எழுதிக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். தலைவி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முடிவில் எழும்பி, கால் இழந்த அந்தப் பெண்ணின் வீட்டுக்குத் தானே போவதாக மூன்றாவது கோட்டில் தன் பெயரை எழுதவைத்தார்.

போகும்போது ஒரு சட்டி எருமைத் தயிர் தந்தார்கள். எவ்வளவு சொல்லியும் காசு வாங்கவில்லை. கடைசிப் பாதையைப் பிடிக்க ஆட்டோ பறந்ததில் பாதித் தயிர் என் சேலையில். எழுவான்கரை வந்து திரும்பிப் பார்த்தபோது சூரியன் அந்தக் கரையில் படுத்துக்கொண்டிருந்தது.

ஜூலை 9, புதன்

தெற்கே அம்பாறைக் கரையோரம். காத்தான்குடித் தெருவின் நடுவே நிற்கும் பேரீச்ச மரங்களைத் தங்கச்சிக்குச் சொல்லிக்கொண்டே போனேன். களுவாஞ்சிகுடி, பெரியநீலாவணை, மருதமுனை. அம்பாறை மாவட்டத்தில்தான் சுனாமிக்கு நாட்டிலேயே அதிக உயிர்கள் போயின.

மருதமுனை கைத்தறி ஊர். சந்துக்குள் நுழைந்ததுமே தறிச் சத்தம். நெசவு செய்யும் பெண்களின் சங்கம் ஒன்றில் இருந்தோம். தலைவி ராத்தா முதலில் சாப்பாட்டைத்தான் பேசினார். சகன் என்ற பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி நான்கு பேர், நடுவில் சோறு, கோழி, கத்தரிக்காய், மாசிச் சம்பல். "வவுனியாவில இருந்து வந்த புள்ளைகள் ஒரு பக்கமா இருந்து தின்னப்படாது" என்று இருவரையும் தன் சகனில் இருத்திக்கொண்டார். தங்கச்சிக்கு முன்னால் எது எங்கே இருக்கிறது என்று கையைப் பிடித்துக் காட்டினார். பரிதாபமாகச் செய்யவில்லை, தன் பிள்ளைக்குச் செய்வது போலச் செய்தார்.

இவர்களின் சிக்கல் கடிதம். மாவட்டச் செயலகம் இருக்கும் அம்பாறை நகரத்தில் இருந்து வரும் கடிதங்கள் சில சிங்களத்தில் மட்டும் வரும். ஒரு கைத்தொழில் உதவிக்கான விண்ணப்பத்தின் கடைசித் திகதி அப்படி ஒரு கடிதத்துக்குள் கிடந்து போய்விட்டது. தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் எழுதிவைத்தது. அந்தச் சட்டம் சந்துக்குள் இருக்கும் தறிவீட்டுக்கு எப்படி வந்து சேரும்? நிலையம் செய்தது இரண்டு காரியம். கடிதத்தைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்பினால் அன்றைக்கே தமிழில் சுருக்கம் சொல்ல ஒருவரை ஒழுங்குசெய்தது. அதோடு, தமிழில் கடிதம் தரும்படி கேட்டு எழுதுவது எப்படி என்று ஒரு மாதிரிக் கடிதமும் கொடுத்தது. இரண்டாவதுதான் பெரிது என்று நான் நினைக்கிறேன். இப்போது ராத்தா தானே எழுதுகிறார். போன மாதம் ஒரு பதில் தமிழில் வந்ததாம். அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருக்கிறார், காட்டினார்.

வெளிக்கிடும்போது ஒரு சாரம் வாங்கினேன், வீட்டுக்காரருக்கு. விலை சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் குறைத்துக் கொடுத்தார்கள்.

ஜூலை 10, வியாழன், போயா (பௌர்ணமி விடுமுறை)

கடைகள் பாதி பூட்டு. கால் வீங்கியிருந்தது. காலை முழுக்க அறையில் குப்புறக் கிடந்தேன்.

பின்னேரம் நிலையத்து விறாந்தையில் ஒரு சின்னக் கூட்டம். கரையோரத் தமிழ்ச் சங்கங்கள், முஸ்லிம் சங்கங்கள், உள்பக்கத்து எல்லைக் கிராமச் சிங்களச் சங்கங்கள் ஆகியவற்றுக்கு மாதம் ஒரு முறை ஒன்றாக இருந்து பேசும் ஒழுங்கு ஒன்று உண்டு. அதற்கு எந்த நாளை வைப்பது என்பதுதான் பேச்சு. ஒன்றரை மணித்தியாலம் பேசினார்கள். சாதாரண விஷயம் என்று முதலில் நினைத்தேன். கேட்கக் கேட்கத்தான் அதன் கனம் தெரிந்தது.

வெள்ளி ஆகாது, ஜும்மா. ஞாயிறு தேவாலயம். கிழமை நாளில் கூலிக்குப் போகிறவர்கள் ஒரு நாள் சம்பளத்தை இழப்பார்கள். போயாவில் எல்லோருக்கும் விடுமுறை என்று முன்பு ஒரு முறை அதையே வைத்தார்களாம். சிங்கள அம்மாக்கள் ஒருவரும் வரவில்லை. வெள்ளை உடுத்து விகாரையில் சில் எடுக்கிற, அதாவது விரதம் இருக்கிற, நாள் அது. அவர்கள் வராததை வைத்து, "அவங்களுக்கு எங்களோட இருக்க விருப்பமில்ல" என்று ஒரு கதை கிளம்பி, அது அடங்கச் சில மாதம் ஆயிற்று என்றார் அக்கா. ஒரு திகதிப் பிழையில் இவ்வளவு. இந்தக் கரையில் 1990இன் படுகொலைகளையும் பார்த்தவர்கள், 2019 ஏப்ரல் 21இல் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த காலையையும் பார்த்தவர்கள் வாழ்கிறார்கள். வராத ஒருவரைப் பற்றிய ஊகம் இங்கே சும்மா கிடக்காது, வேர் விடும்.

முடிவு: நாளும் இடமும் மாறி மாறி வரும். ஒரு மாதம் சனி பின்னேரம் கரையில், அடுத்த மாதம் புதன் காலை உள்ளே, அன்று வருகிற கூலியாட்களுக்குப் பஸ் காசும் அரைநாள் படியும். வர முடியாதவருக்கு அடுத்த நாள் கூட்டறிக்கையைத் தொலைபேசியில் அவர் மொழியில் வாசித்துக் காட்டுவது. படிக் காசு எங்கிருந்து வரும் என்று ஐயா கேட்டார். அதற்கு விடை கிடைக்கவில்லை. நிலையத்துக்கே அடுத்த வருடத்துக்கு மேல் நிச்சயமான காசு இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சின்னச் சங்கங்களுக்குக் கைகொடுப்பவருக்கு யார் கைகொடுப்பது? கட்டடத்துக்கும் பயிற்சிக்கும் காசு கொடுக்க ஆள் இருக்கிறது. ஒரு கணக்காளர் ஐயா கிழமையில் இரண்டு நாள் வாங்கில் இருப்பதற்கு, பாதை ஏறிப் போய்வருவதற்கு ஒருவரும் கொடுக்க விரும்புவதில்லை. அது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

இரவு முழு நிலா. கல்லடிக்குப் போனோம். 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலத்தின் பக்கத்தில் ஒரு ஓடக்காரர். மட்டக்களப்பு வந்துவிட்டுப் பாடும் மீன் கேட்காமல் போவதா என்று தங்கச்சி பஸ்ஸிலேயே சொல்லியிருந்தார். நடு வாவியில் துடுப்பை நிறுத்தி, அதன் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, மறு நுனியைக் காதில் வைக்கச் சொன்னார் ஓடக்காரர். நான் வைத்தேன். தண்ணீர் துடுப்பில் மோதுகிற சத்தம் மட்டும். தங்கச்சி வாங்கி வைத்தார். கண நேரம் அசையவில்லை. பிறகு முகம் மாறியது. "அக்கா, ஈரக் கண்ணாடிக் குவளையின்ர விளிம்பில விரலால தேய்ச்சா வருமே, அப்பிடி" என்றார். ஓடக்காரர் காசு வாங்கும்போது அவரைப் பார்த்துத்தான் பேசினார்: "உங்களுக்குத்தான் தங்கச்சி கேட்டிருக்கு. கனபேர் வந்து கேக்காம போயிருக்காங்க." ஆயிரம் ரூபாய் பேசியவர் எண்ணூறை மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஜூலை 11, வெள்ளி

மண்முனைப் பாலத்தால் மீண்டும் படுவான்கரை. 2014இல் இந்தப் பாலம் வரும்வரை இங்கேயும் பாதைதானாம். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலில் புல் தின்றதாகச் சொல்லும் கல் நந்தியைத் தங்கச்சி கொம்பில் இருந்து வால் வரை தடவிப் பார்த்தார். பூசகர் தடுக்கவில்லை. தானே வழிகாட்டினார்.

அதன் பின் ஒரு சங்கக் கட்டடத்தின் சாய்தளத்தைப் பார்க்கப் போனோம். போன வருடம் கட்டியது. மூன்று படி, ஒன்றரை அடி உயரம். அதற்குச் சாய்தளம் ஆறடி நீளத்தில். சக்கர நாற்காலியில் வரும் சங்கத்துச் செயலாளர் அதில் ஏறிக் காட்டினார். இரண்டு பேர் பின்னால் தள்ளினார்கள், இறங்கும்போது இருவர் முன்னால் நின்று தாங்கினார்கள். "கட்டித் தந்த ஆக்கள் படம் எடுத்துக்கொண்டு போயிட்டாங்க அக்கா. இது எனக்குக் கட்டினதில்ல, படத்துக்குக் கட்டினது."

ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். அப்படியானால் இதற்குப் பதினெட்டு அடி. முற்றத்தில் அவ்வளவு நேர் இடம் இல்லை. நிலையத்துத் தம்பி நிலத்தில் கம்பால் கீறினார்: பாதி தூரம் போய், நாற்காலி திரும்ப ஐந்தடிச் சதுரம், பிறகு வளைந்து மற்றப் பாதி. செயலாளர் நாற்காலியை அந்தக் கோட்டின்மேல் ஓட்டிப் பார்த்து, "இந்தச் சதுரம் இன்னும் கொஞ்சம் அகலம்" என்றார். அழித்துக் கீறினார்கள். மாரியில் வழுக்காமல் மேற்பரப்பைத் துடைப்பத்தால் கீறிவிட வேண்டும் என்று மேசன் ஐயா சொன்னார். வலுவிழந்தோரின் உரிமைகளுக்கு 1996இலேயே சட்டம் வந்தது, பொதுக் கட்டடங்களில் அணுகும் வசதிக்கு 2006இல் ஒழுங்குவிதி வந்தது, 2016இல் ஐ.நா. சமவாயத்தை நாடு ஏற்றுறுதி செய்தது. அத்தனைக்கும் பிறகு, சாய்தளம் கட்டுமுன் அதில் ஏறப்போகிறவரை ஒரு தரம் கேட்க இந்தக் கம்புக் கோடு வேண்டியிருந்தது.

மத்தியானம் அங்கேயே மரக்கறிச் சோறு, பயற்றங்காய்ப் பால்கறி, மோர். வெயிலில் தலைச்சுற்று வந்து ஒரு மணித்தியாலம் அவர்கள் பாயில் படுத்துக் கிடந்தேன். ஒரு சின்னப் பையன் பழைய கலண்டர் மட்டையால் விசிறிக்கொண்டே இருந்தான்.

ஜூலை 12, சனி

விடிய ஐந்தரை பஸ். நிலையத்து அக்கா வந்து வழியனுப்பினார். கையில் சுற்றிய பார்சல், பதினைந்து இடியப்பமும் சொதியும். "போய்ச் சேர்ந்து கோல் பண்ணுங்க" என்றார். வாழைச்சேனைக் கடையில் ஒரு சட்டித் தயிர் வாங்கினேன், ஐந்நூறு. இந்த முறை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

ஹபரணையில் பஸ் நின்ற இடத்தில் எங்கள் சங்கத்தின் கொப்பியை எடுத்து, வலது பக்கத்தில் மூன்று கோடு போட்டேன். தங்கச்சி பெயர்களைச் சொல்லச் சொல்ல எழுதினேன். முதல் பெயர் ஒரு தகப்பன். மகளைத் தனியாக வளர்க்கிறவர். முதல் இரண்டு வருடம் ஒரு கூட்டமும் தவறவிடாதவர், பிறகு நின்றுவிட்டார். அவருக்குத் தாய்மார் சங்கத்தில் இருக்கக் கூச்சம் என்று நாங்களே முடிவுகட்டியிருந்தோம். இரண்டாவது கோட்டில் அதை எழுதப்போனேன். தங்கச்சி, "கேட்டனீங்களா அக்கா?" என்றார்.

அங்கிருந்தே போன் எடுத்தேன். எடுத்ததும் என் குரலை அடையாளம் கண்டு, "என்ன பிள்ளை, சங்கத்தில ஏதும் விசேஷமா?" என்றார். ஏன் வருவதில்லை என்று கேட்டேன்.

"கடைசி பஸ்ஸை நிப்பாட்டிப்போட்டாங்களே. கூட்டம் முடிய ஆறு மணியாகும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த நேரம் எப்பிடித் திரும்பி வாறது? நான் சொல்லியிருப்பன், ஆனா ஒருத்தரும் கேக்கேல்லை."

இரண்டாவது கோட்டில் 'பஸ்' என்று எழுதினேன். மூன்றாவதில் என் பெயர்.